வேப்பமரத்தடிக் கல்லிருக்கைகளைத் திருப்பி வையுங்கள்: எங்கள் அடுக்குமாடி நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

நிர்வாகக் குழுத் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

சென்ற செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு, வேப்பமரத்தடியில் இருந்த மூன்று கல்மேசைகளையும் பன்னிரண்டு கல்லிருக்கைகளையும் பெயர்த்து லாரியில் ஏற்றினீர்கள். மாலைக்குள் அங்கே சிமெண்டு பூசியாயிற்று. மறுநாள் மஞ்சள் கோடு போட்டு நான்கு வண்டிகளுக்கு இடம் பிரித்தாயிற்று. மின்தூக்கிக்குள் ஒட்டியிருந்த அறிவிப்பில் மூன்று காரணங்கள் எழுதியிருந்தீர்கள்: செயலி வழியாக வந்த சத்தப் புகார்கள், வருகையாளர்களுக்கு வண்டி நிறுத்த இடப் பற்றாக்குறை, 'தேவையின்றி ஒன்றுகூடுதல்'. அந்த அறிவிப்பு ஒட்டப்பட்டது திங்கட்கிழமை இரவு. மறுநாள் காலையில் லாரி வந்துவிட்டது.

தேவையின்றி என்ற அந்தச் சொல்லை எழுதியவர் யாரென்று எனக்குத் தெரியாது. அந்த மரத்தடியில் என்ன நடந்துவந்தது என்று அவருக்குத் தெரிந்திருக்காது என்று மட்டும் நம்ப விரும்புகிறேன். தெரிந்தவள் நான் சொல்கிறேன், கேளுங்கள்.

நான் கோலசிலாங்கூர்ப் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவள். 1979இல், பத்தொன்பது வயதில், தாதியர் பயிற்சிக்காக ஒரு தகரப் பெட்டியோடு கோலாலம்பூர் வந்தேன். தோட்டத்து வாழ்க்கையை நினைத்து ஏங்கி எழுதுகிறேன் என்று எண்ணிவிடாதீர்கள். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் எங்கள் வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவே ஒரு பலகைச் சுவர்தான். இரவில் அப்பாவும் அம்மாவும் போட்ட சண்டை விடிவதற்குள், வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்துக்குப் போய்விடும். எனக்கு வந்த கடிதத்தைக் கையில் கொடுக்கும் முன் யாரிடமிருந்து என்று தோட்டத்து எழுத்தரான கிராணி கேட்பார், சொன்னால்தான் கடிதம். எந்த லயம், யார் மகள், என்ன ஆட்கள் என்ற மூன்று கேள்விகளுக்குள் ஒரு பெண்ணின் ஆயுள் முழுவதும் அடங்கிவிடும். மூன்றாவது கேள்விக்கு என்ன பொருள் என்று நம்மவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இங்கே செந்தூலில் இன்னும் இரண்டு பெண்களோடு ஓர் அறையில் தங்கினேன். வந்த முதல் மாதம், ஒரு மாலையில் பஸ்ஸிலிருந்து இறங்கி அறைக்கு நடந்துகொண்டிருந்தபோது, இந்தத் தெருவில் ஒருவருக்கும் என்னைத் தெரியாது என்ற நினைப்பு வந்தது. பயமே வரவில்லை. தலையிலிருந்த தண்ணீர்த் தவலையை இறக்கி வைத்தது போல் இருந்தது. அதன் பிறகுதான் எனக்கு எது பிடிக்கும், எது பிடிக்காது என்று நானே கண்டுகொள்ளத் தொடங்கினேன். தனியாகச் சினிமாவுக்குப் போனேன். சம்பளத்தில் பாதியைப் புத்தகத்துக்குக் கொடுத்த மாதமும் உண்டு. தோட்டத்தில் இருந்திருந்தால் ஒருநாளும் நடந்திருக்காத ஒரு திருமணத்தை என் விருப்பப்படி செய்துகொண்டேன். நகரத்துக்கு நான் பட்ட கடன் பெரிது. மறக்கவில்லை.

என்னைப் போல் வந்தவர்கள்தான் இந்தக் குடியிருப்பில் பாதிப்பேர். 1970இல் இந்த நாட்டில் நூற்றுக்கு 28 பேரே நகரங்களில் வாழ்ந்தார்கள். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அது 75. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, ரப்பர் போய்ச் செம்பனை வந்து, செம்பனை போய் வீடமைப்பு வந்தபோது, லயத்திலிருந்து புறம்போக்குக் குடிசைக்கும் அங்கிருந்து அடுக்குமாடிக்கும் நாம் வந்து சேர்ந்தோம்.

நகரம் தந்ததற்கு விலையும் கேட்டது. அந்த விலையை முதலில் நான் மருத்துவமனை வார்டில் கொடுத்தேன். முப்பது படுக்கைகள். ஒவ்வொரு படுக்கையின் வலியையும் என் வலியாக எடுத்துக்கொண்டிருந்தால், இரவுப்பணி முடிவதற்குள் நானே ஒரு படுக்கையில் கிடந்திருப்பேன். மூத்த தாதி ஒருவர் சொல்லிக் கொடுத்தார்: கண்ணைத் திறந்து வை, உள்கதவைச் சாத்து. அதைப் பழகிய பிறகு சுற்றிலும் பார்த்தால், கே.டி.எம். ரயிலில், புடு சந்தையில், மஸ்ஜிட் ஜாமெக் நிலையத்துப் படிக்கட்டில், எல்லோருமே அதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள். தோட்டத்தில் ஓர் ஆண்டில் பார்க்கும் முகங்களைவிட இங்கே ஒரு காலைப் பயணத்தில் பார்க்கும் முகங்கள் அதிகம். அத்தனை முகங்களுக்கும் மனத்தைத் திறந்து வைக்க எவராலும் ஆகாது.

1903இல் ஜார்ஜ் சிம்மல் என்ற ஜெர்மானியச் சமூகவியல் அறிஞர் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். பெர்லினில் பிறந்தவர். நகரத்தில் காட்சிகளும் ஓசைகளும் ஓயாமல் வந்து மோதுவதால் மனிதன் எதையும் நெஞ்சால் வாங்காமல் அறிவால் தடுத்துக்கொள்கிறான். நாளடைவில் எதுவுமே உறைக்காத மரப்பு வந்துவிடுகிறது. ஆண்டுக்கணக்கில் பக்கத்து வீட்டில் இருப்பவரின் முகம்கூடத் தெரியாத ஒதுக்கம் பழகிப்போகிறது என்கிறார். எல்லாவற்றையும் 'எவ்வளவு?' என்ற ஒரே கேள்வியில் பணம் கரைத்துவிடுகிறது என்றும் சொல்கிறார். அதே நகரம்தான் சிற்றூர் தராத சுதந்திரத்தைத் தனிமனிதனுக்குத் தருகிறது என்பதையும் அவர் விடவில்லை. அந்தச் சுதந்திரத்தின் மறுபக்கம்தான் கூட்டத்தின் நடுவில் வரும் தனிமை என்பதையும் மறைக்கவில்லை. என் மகள் அதைத் தமிழில் எனக்குச் சொல்லச் சொல்ல, எங்கள் பதினேழு மாடிகளும் கண்முன் வந்தன. 2011இல் அதே ஜெர்மனியின் மான்ஹைம் நகர ஆய்வாளர்கள் மூளையைப் படமெடுத்துப் பார்த்து, பிறர் மதிப்பிடும்போது உண்டாகும் மன அழுத்தத்தில் நகரவாசிகளின் அமிக்டலா என்ற பகுதி கூடுதலாகக் கிளர்ச்சியடைவதைக் கண்டார்கள். அச்சத்தை உணரும் பகுதி அது. வார்டில் வேலை பார்த்தவளுக்கு இதில் வியப்பு ஏதும் இல்லை.

ஆகவே, மக்கள் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள் என்று நான் குறை சொல்ல வரவில்லை. பகலெல்லாம் சாத்தி வைத்த கதவைத் திறக்க ஓர் இடம் வேண்டும் என்கிறேன். வீடு இருக்கிறதே என்பீர்கள். வீட்டில் இன்னொருவர் இருப்பவர்களுக்கு அந்தப் பதில் போதும். என் கணவர் இறந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. மகள் ஜோகூரில் வேலை பார்க்கிறாள். அறுபத்தைந்து வயதில், ஒருவருக்கும் என்னைத் தெரியாது என்ற அதே நினைப்பு வந்தால், அன்றைக்கு இறங்கிய பாரம் திரும்பவும் தலையில் ஏறுகிறது.

எட்டாம் மாடியில் நடந்ததை உங்களில் பழையவர்கள் அறிவார்கள். தனியாக இருந்த மனிதர் இறந்து நான்கு நாள் கழித்துத்தான் கதவை உடைத்தோம். எதிர்வீட்டுக் கதவுக்கும் அவர் கதவுக்கும் ஏழெட்டு அடி இருக்கும். மூன்றாம் நாளே அலுவலகத்துப் புகார்ப் புத்தகத்தில் ஒருவர் எழுதியிருந்தார்: எட்டாம் மாடியில் துர்நாற்றம், குப்பையைச் சரியாக அகற்றவில்லை. அந்த வரியை நான் என் கண்ணால் படித்தேன். எழுதியவர் கெட்டவரல்லர். அவருக்கு அந்தக் கதவுக்குப் பின்னால் ஒரு முகம் இருந்ததில்லை, அவ்வளவுதான். பிணத்தைக் கழுவித் துணி மாற்றுவது என் தொழிலாக இருந்தது. எத்தனையோ பேருக்குச் செய்திருக்கிறேன். இந்த ஒரு மரணம்தான் என்னைத் தூங்க விடவில்லை. செத்தவரின் பெயரைக் கேட்ட போலீஸ்காரருக்கு அந்த மாடியில் ஒருவராலும் பதில் சொல்ல முடியவில்லை.

அதற்கடுத்த வாரத்திலிருந்துதான் மாலை ஆறு மணிக்கு நான் கீழே இறங்கத் தொடங்கினேன். முதல் சில நாள் தனியாக உட்கார்ந்திருந்தேன். பிறகு பதினோராம் மாடிச் சீனப் பெரியவர் பறவைக் கூண்டோடு வந்தார். நான்காம் மாடியிலிருந்து மலாய்க்கார அம்மா, நான் 'காக்' (அக்கா) என்று கூப்பிடுகிறவர், ஒரு தட்டு குவே பலகாரம் கொண்டுவந்தார். இரவுக்காவல் நேப்பாளத் தம்பி வேலைக்கு வரும் முன் ஐந்து நிமிடம் நிற்பார். ஆறாம் மாடிப் பாட்டி, பேரப்பிள்ளை, டியூஷன் முடித்து வரும் பிள்ளைகள் என்று கூட்டம் சேர்ந்தது. பேச்செல்லாம் பெரும்பாலும் மீன் விலையும் முழங்கால் வலியும்தான். யாரும் யாரிடமும் எந்த லயம், என்ன ஆட்கள் என்று கேட்கவில்லை. உள்ளே எவ்வளவு காட்டலாம் என்பதை அவரவரே முடிவு செய்தார்கள். ஒருவர் ஒரு மாதமாக வந்தும் தன் பெயரைச் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. எனக்குத் தெரிந்த தோட்டத்து முற்றத்திலும் இது கிடைத்ததில்லை, ரயில் பெட்டியிலும் கிடைத்ததில்லை. இங்கேதான் கிடைத்தது. நீங்கள் சிமெண்டு பூசியது இதன்மேல்தான்.

இன்னொரு வழக்கமும் தானாக உண்டாயிற்று. ஒருவர் இரண்டு நாள் தொடர்ந்து வராவிட்டால் யாராவது மேலே போய்க் கதவைத் தட்டுவோம்.

2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது இருக்கைகளைச் சுற்றிச் சிவப்பு வெள்ளை நாடா கட்டினீர்கள். அது நோய்க்காலம்; யாரும் முணுமுணுக்கவில்லை. அடுத்த ஆண்டு நடுவில், உணவில்லாத வீடுகள் வெள்ளைத் துணியைத் தொங்கவிடலாம் என்று நாடெங்கும் பரவியபோது, பதினான்காம் மாடியில் ஒரு வெள்ளைத் துண்டு தொங்கியது. கீழிருந்து பார்த்தவர்கள் துவைத்துக் காயப் போட்டது என்று நினைத்தார்கள். காக் மட்டும் நின்று பார்த்தார். 'அந்தப் பெண் எப்போதும் உள்பக்கம்தானே காயப் போடுவாள்' என்றார். மரத்தடியில் முன்பு ஓரிரு முறை உட்கார்ந்து எழுந்து போன பெண் அவள். மேலே போனோம். இரண்டு பிள்ளைகள், வேலை போன தாய், காலியான அரிசி டின். அவள் எந்தப் பக்கம் துணி காயப் போடுவாள் என்று ஒருவருக்குத் தெரிந்திருந்தது. அதனால் அந்த வீட்டில் அன்றிரவு அடுப்பு எரிந்தது.

சென்ற நவம்பரில் சீனப் பெரியவர் இரண்டு நாள் வரவில்லை. தட்டினேன், பதில் இல்லை, உள்ளே பறவை மட்டும் கத்தியது. காவலாளியை அழைத்துவந்து திறந்தோம். குளியலறையில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து, முந்தைய நாள் இரவிலிருந்து ஈரத்தரையில் கிடந்தார். இன்று ஊன்றுகோலோடு நடக்கிறார். புதன்கிழமை மாலை வழக்கம்போல் இறங்கி வந்தவர், மஞ்சள் கோட்டுக்குள் நின்றிருந்த யாரோ ஒருவரின் காரைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் மின்தூக்கிக்குத் திரும்பினார்.

சத்தம் வந்தது உண்மை. சில சனிக்கிழமைகளில் இளைஞர்கள் பதினொன்றரை மணி தாண்டியும் கேரம் ஆடினார்கள். புகார் சொன்னவர் இரவுப்பணி பார்த்துவிட்டுக் கிடைத்த நேரத்தில் கண்ணயர்பவராக இருக்கலாம். இருபது ஆண்டுகள் இரவுப்பணி பார்த்தவள் நான்; தூக்கம் கலைந்தவரின் ஆத்திரம் எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். அவர் கீழே வந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே பலகையை மடித்திருப்பார்கள். அவரும் ஒருவேளை ஒருநாள் மாலை உட்கார்ந்திருப்பார். செயலி அந்த ஒரு வார்த்தைக்கு வழியை அடைத்துவிட்டது. பெயர் வேண்டாம், முகம் வேண்டாம், ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். புகார் உங்களுக்கு வந்துவிடும். உங்களிடமிருந்து எச்சரிக்கைக் கடிதம் அடுத்தவர் கதவிடுக்கில் நுழைந்துவிடும். ஒரே சுவரைப் பங்கு போட்டிருக்கும் இரண்டு வீடுகள் ஒன்றோடொன்று பேசுவதற்கு நிர்வாக அலுவலகத்தைத் தபால்காரனாக வைத்துக்கொள்ளும்படி ஆகிவிட்டது.

பத்தாம் மாடிப் பையனின் கதையை இதோடு சேர்த்துச் சொல்லியாக வேண்டும். பதின்மூன்று வயது. பிரிக்பீல்ட்ஸில் ஓர் ஆசிரியரிடம் மிருதங்கம் கற்றுக்கொண்டிருந்தான். அவன் தாத்தா ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர். அந்தக் குடும்பத்தில் ஒரு பிள்ளை தன் விருப்பத்துக்கு ஒரு கலையைத் தேடிப்போக முடிந்ததென்றால் அதற்குக் காரணம் இந்த நகரம்தான். மாலை ஐந்து முதல் ஆறு வரைதான் வாசிப்பான். மூன்று பெயரில்லாப் புகார்கள் வந்தன. மூன்றாவது கடிதத்தோடு அபராத எச்சரிக்கையும் இருந்தது. பையன் மிருதங்கத்துக்கு உறை போட்டுக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டான். ஒரு மாதம் கழித்து அவனை மரத்தடியில் வாசிக்கச் சொன்னோம். பாட்டி தாளம் போட்டார். பெரியவர் கூண்டை மேசைமேல் வைத்துக்கொண்டு கேட்டார். இப்போது அந்த இடமும் இல்லை. அவன் எங்கே உட்கார்ந்து வாசிப்பான் என்று குழுவில் யாராவது எனக்குச் சொல்லுங்கள்.

2018 ஜனவரியில் இந்த நகரத்தின் மக்கள் வீடமைப்பு ஒன்றில் மேலிருந்து வீசப்பட்ட நாற்காலி விழுந்து பதினைந்து வயதுத் தமிழ்ப் பையன் இறந்தான். நாடே பேசியது. தடுப்பு வலை, கேமரா, தண்டனை என்று பல யோசனைகள் வந்தன. அவையும் வேண்டும்தான். ஆனால் கீழே நடப்பவர்களின் முகம் மனத்தில் இருக்கிறவன் மேலிருந்து ஒரு பொருளைத் தள்ளமாட்டான் என்று நான் அன்று நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். கேமரா வாங்கப் பணம் ஒதுக்கினீர்கள். முகங்களை அறிமுகப்படுத்திவந்த பன்னிரண்டு கற்களை அகற்றிவிட்டீர்கள்.

வருகையாளர் வண்டிக்கு நாளொன்றுக்கு ஐந்து ரிங்கிட் என்று அறிவித்திருக்கிறீர்கள். நான்கு இடங்கள், இருபது ரிங்கிட், மாதத்துக்கு அறுநூறு. ஆண்டறிக்கையில் அது வரவாக ஏறும். கல்லிருக்கையால் வந்த வரவை எழுத உங்கள் கணக்குப் புத்தகத்தில் பத்தி இல்லை என்பதும் எனக்குத் தெரியும். எண்தான் வேண்டுமென்றால் ஓர் எண் தருகிறேன். தேசிய சுகாதார ஆய்வின்படி 2019இல் மலேசியப் பெரியவர்களில் 2.3 விழுக்காட்டினருக்கு மனச்சோர்வு நோய் இருந்தது. 2023இல் அது 4.6. நான்கே ஆண்டுகளில் இருமடங்கு. நம் குடியிருப்பில் மட்டும் அது இருக்காது என்று நீங்கள் நினைத்தால், ஒருநாள் மாலை என்னோடு வாருங்கள். மாடி மாடியாகக் கதவைத் தட்டிக் காட்டுகிறேன்.

சட்டம் தெரியாமலும் நான் எழுதவில்லை. 2013ஆம் ஆண்டின் அடுக்குமாடி நிர்வாகச் சட்டம் உங்களுக்கு அதிகாரம் தருகிறது. பராமரிக்கும் பொறுப்பையும் தருகிறது. வேப்பமரத்தடி பொதுச் சொத்து. அதில் குழு உறுப்பினருக்கு இருக்கும் பங்கு, வீட்டை வாங்கிய ஒவ்வொருவருக்கும் இருக்கிறது. உங்களைத் தேர்ந்தெடுத்த கூட்டத்தில் நானும் கையுயர்த்தியிருக்கிறேன். கடந்த ஆண்டுப் பொதுக்கூட்டத்தின் நிகழ்ச்சிநிரலில் இருக்கைகளைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அறிவிப்புக்கும் லாரிக்கும் இடையில் நீங்கள் எங்களுக்குக் கொடுத்தது ஓர் இரவு.

ஆதலால் நான் கேட்பவை இவை. பெயர்த்தெடுத்த மேசைகளும் இருக்கைகளும் பின்பக்கக் குப்பை அறைக்கு அருகே அடுக்கப்பட்டிருக்கின்றன. மூன்று மட்டுமே உடைந்திருக்கின்றன. அவற்றை விற்காமலும் வீசாமலும் வைத்திருங்கள். இந்த மாதம் முடிவதற்குள் மரத்தடியில் திரும்ப வையுங்கள். இரவு பத்து மணிக்குமேல் அங்கே விளையாட்டும் உரத்த பேச்சும் கூடாது என்று விதி எழுதுங்கள். அதை நடத்திக்காட்ட நாங்கள் முறைபோட்டுப் பொறுப்பேற்கிறோம். வண்டி நிறுத்தம்தான் முக்கியம் என்றால், பயன்படாமல் பூட்டிக் கிடக்கும் பழைய பொருள் கிடங்கின் முன்பகுதியை அளந்து பாருங்கள். அங்கே நான்கு அல்ல, ஐந்து கார்கள் நிற்கும்.

செயலியில் வரும் சத்தப் புகார்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பும் முன், இரு வீட்டாரையும் அலுவலகத்துக்கு அழைத்து ஒருமுறை நேரில் பேச வையுங்கள். பத்தாம் மாடிப் பையனுக்கு அனுப்பிய மூன்று கடிதங்களையும் எழுத்துமூலம் திரும்பப் பெறுங்கள். மாலை ஐந்து முதல் ஏழு வரை கீழ்த்தளக் கூடத்தைப் பிள்ளைகளின் இசைப் பயிற்சிக்குக் கட்டணமில்லாமல் திறந்துவிடுங்கள். தனியாக வாழும் முதியோரின் பட்டியலை, அவர்கள் ஒப்புதலோடு மட்டும், காவலாளி அறையில் வையுங்கள்.

இவற்றில் எதையும் செய்ய இயலாது என்றால், சிறப்புப் பொதுக்கூட்டம் கூட்டுங்கள். நீங்களாகக் கூட்டாவிட்டால், வீடுகளுக்கு ஒதுக்கப்பட்ட பங்கு அலகுகளில் நான்கில் ஒரு பகுதிக்கு உரியவர்களின் கையெழுத்தோடு நாங்கள் கோருவோம். இன்று காலை வரை அறுபத்தொரு வீடுகள் கையெழுத்திட்டிருக்கின்றன.

பதிலை வாய்மொழியாகச் சொல்ல வேண்டாம். தேதியிட்டு, மலாயிலும் தமிழிலும் சீனத்திலும், மின்தூக்கிக்குள் அந்தப் பழைய அறிவிப்பை ஒட்டிய அதே இடத்தில் ஒட்டுங்கள்.

இப்படிக்கு,
பன்னிரண்டாம் மாடிக் குடியிருப்பாளர்,
ஓய்வுபெற்ற தாதி,
செந்தூல், கோலாலம்பூர்